காதுக் குறும்பி: கேள்வி பதில்

கேள்வி: தினமும் குளித்தவுடன் பட்ஸ் போட்டுக் காதைத் துடைத்துவிடுகிறேன். அப்படியும் அடிக்கடி காது அடைத்துக்கொள்கிறதே, ஏன்?

பதில்: அடைப்பதே அந்த பட்ஸால்தான் என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். குறும்பி, காதுக்குழாயின் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில் மட்டுமே சுரக்கிறது; செவிப்பறையை ஒட்டிய உட்பகுதியில் அதற்கான சுரப்பிகள் கிடையா. குழாயின் தோல் செவிப்பறையிலிருந்து வாயிலை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதாலும், மெல்லும்போது தாடை அசைவதாலும், பழைய குறும்பி தானாகவே வெளியே வந்து உதிர்ந்துவிடும். பஞ்சு முனையில் மஞ்சளாக ஒட்டி வருவதைப் பார்த்து நமக்குத் திருப்தி. ஆனால் எஞ்சியதைச் சுமார் 2.5 செ.மீ. நீளமே உள்ள குழாயின் ஆழத்துக்குத் தள்ளி இறுக்கியிருப்போம். ஹேர்பின்னுக்கும் கோழி இறகுக்கும் இதே பதில்தான். துண்டின் நுனியால் காது மடலையும் வாயிலையும் துடைத்தால் போதும்.

கேள்வி: பூண்டு காய்ச்சிய எண்ணெய் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். சூடு சற்று மிஞ்சினாலும் குழாய்த் தோல் வெந்துவிடும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குள் இறங்கிச் சீழ் வைக்கும்.

கேள்வி: அப்படியானால் கெட்டிப்பட்ட குறும்பியை எப்படித்தான் எடுப்பது?

பதில்: ஓட்டை, சீழ், முன்பு செய்த காது அறுவை சிகிச்சை ஆகிய எதுவும் இல்லாதவர்கள், சூடாக்காத ஆலிவ் எண்ணெயையோ 5 சதவீத சோடியம் பைகார்பனேட் சொட்டு மருந்தையோ மூன்று முதல் ஐந்து நாள் காதில் விட்டு, ஒவ்வொரு முறையும் சில நிமிடம் ஒருக்களித்துப் படுத்திருக்கலாம். குறும்பி ஊறி உப்புவதால் முதலில் அடைப்பு கூடியதுபோல் தோன்றும், பயப்பட வேண்டியதில்லை. அதற்கும் இளகாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவர் உறிஞ்சு கருவியால் எடுப்பார், அல்லது உடல் வெப்பத்தில் உள்ள நீரைப் பீய்ச்சிக் கழுவுவார். தண்ணீர் சில்லென்றிருந்தால் தலை கிறுகிறுக்கும் என்பதால்தான் இந்த வெப்பக் கணக்கு.

கேள்வி: காதில் செருகிக் கொளுத்தும் காது மெழுகுவர்த்தி?

பதில்: அது குறும்பியை உறிஞ்சுவதில்லை. எரிந்தபின் உள்ளே காட்டப்படும் கசடு அந்த மெழுகுவர்த்தியினுடையதே.

கேள்வி: சர்க்கரை நோயாளியான என் அப்பா காது கேட்கும் கருவி அணிகிறார். கருவி இப்போது அடிக்கடி விசில் அடிக்கிறது.

பதில்: குறும்பி சேர்ந்திருக்கலாம். கருவி வாயிலை அடைத்துக்கொண்டிருப்பதால் அது இயல்பாக வெளியேற வழியில்லை. ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை காதைக் காட்டிவிடுவது நல்லது. போகும்போது சர்க்கரை நோயைத் தவறாமல் சொல்லுங்கள். ஈரம் தங்கிய காதில் அவர்களுக்குத் தொற்று எலும்புவரை பரவும் அபாயம் இருப்பதால், பீய்ச்சுவதைவிட உறிஞ்சி எடுப்பதே பாதுகாப்பு.

கேள்வி: காலையில் எழுந்தபோது ஒரு காது சுத்தமாகக் கேட்கவில்லை. சொட்டு மருந்து போட்டுப் பார்க்கலாமா?

பதில்: தலைக்குக் குளித்த கையோடு அடைத்திருந்தால் குறும்பி நீரில் உப்பியிருக்கும் என்று எண்ணலாம். நீங்கள் சொல்வது அப்படியில்லை. கேட்கும் நரம்பே திடீரெனப் பாதிக்கப்பட்டாலும் இதே அடைப்பு உணர்வுதான் இருக்கும். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சை தாமதமாகத் தாமதமாகப் பலன் குறையும். சொட்டு மருந்தில் நாளைக் கடத்தாமல் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.