செகண்ட் ஹேண்ட் சைலன்சர்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பைக் சைலன்சர் பற்றி வந்த கேள்விகளில் முக்கால்வாசி விலையைப் பற்றியவை. பழைய சைலன்சரை மலிவாக வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் நீங்கள் காசு கொடுப்பது வெளியில் தெரியும் குரோமுக்கு இல்லை, உள்ளே சத்தத்தை அடக்கும் தகடுகளுக்கு. அதை மனதில் வைத்துத்தான் கீழே பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: 2014 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வைத்திருக்கிறேன். சைலன்சர் அடியில் ஓட்டை விழுந்துவிட்டது. சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் பழையது மலிவாகக் கிடைக்கும் என்கிறார்கள். எப்படிப் பார்த்து வாங்குவது? (தாம்பரம்)

பதில்: கிடைக்கும். ஆனால் கடையில் போய் "புல்லட் சைலன்சர் இருக்கா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். உங்களுடையது 346 சிசி எஞ்சின். 2021 செப்டம்பரில் வந்த புதிய கிளாசிக்கில் எஞ்சினும் வேறு, சேசிஸும் வேறு. அதன் சைலன்சர் உங்களுக்கு ஆகாது. பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். பெண்ட் பைப் (எஞ்சினிலிருந்து வரும் வளைந்த குழாய்) நுழையும் வாயின் அகலம், பிராக்கெட் (சைலன்சரை வண்டியோடு பிடித்துவைக்கும் தகடு) ஓட்டை இருக்கும் இடம் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள். "கொஞ்சம் தட்டினா உக்காந்துரும்" என்று சொன்னால் வேண்டாம். பிராக்கெட் சரியாக உட்காராத சைலன்சரின் எடை முழுவதும் பெண்ட் பைப்பில் தொங்கும். அதிர்வில் ஒன்று வெல்டிங் விடும், இல்லையென்றால் எஞ்சின் ஹெட்டில் குழாயைப் பிடித்திருக்கும் ஸ்டட் (திருகாணி) முறியும். முறிந்த ஸ்டட்டை எடுக்க ஆகும் செலவில் நல்ல சைலன்சரே வாங்கிவிடலாம்.

அடுத்தது துரு. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகும். பக்கத்துத் தெருக் கடைக்கு மட்டும் போய்வரும் வண்டியில் சைலன்சர் முழுதாகச் சூடேறாது, அந்த ஈரம் உள்ளேயே தங்கிவிடும். அதனால் முதலில் இற்றுப்போவது அடிப்பக்கமும் வெல்டிங் ஓரமும்தான். மேலே முகம் பார்க்கலாம் போல பளபளக்கும், அடியில் கட்டைவிரலால் அழுத்தினால் தகடு அமுங்கும். கவிழ்த்துப் போட்டு, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் அடிப்பக்கம் நெடுகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், இற்ற இடம் வந்ததும் சத்தம் மந்தமாகிவிடும். பிறகு இரண்டு கையாலும் தூக்கிக் குலுக்குங்கள். உள்ளே கடகடவென்றால் தடுப்புத் தகடு கழன்றிருக்கிறது. உடலை அறுக்காமல் அதைச் சரிசெய்ய முடியாது. கடைசியாக, நிழலான இடத்தில் வாய்க்குள் செல்போன் டார்ச்சை அடித்து வெளியே எங்காவது வெளிச்சம் கசிகிறதா பாருங்கள். அடியில் சுத்தமான வட்டமாக ஒரே ஒரு சின்ன ஓட்டை இருந்தால் பயப்பட வேண்டாம், தண்ணீர் வடிவதற்காகப் பல சைலன்சர்களில் கம்பெனியே போடுவது அது.

புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருப்பதை நான் தொடவே மாட்டேன். அந்தப் பெயிண்டுக்கு அடியில் என்ன ஒட்டு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. சத்தத்துக்காகப் புது வண்டியிலேயே வேறு சைலன்சர் மாட்டிக்கொள்கிறவர்கள் பலர் உண்டு. அவர்கள் கழற்றிப்போடும் கம்பெனி சைலன்சர் அதிகம் ஓடாததாக இருக்கும். "கழட்டின கம்பெனி பீஸ்" இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். குறைந்த பட்ஜெட்டில் இதைவிட நல்ல பொருள் இல்லை.

கேள்வி: ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் (புகையை அதிகம் தடுக்காமல் வெளியே விடுவது) மாட்டினால் பிக்கப் கூடுமா? நண்பனின் பல்சரில் மாட்டியதிலிருந்து ஆக்சிலரேட்டரை விட்டால் பட் பட் என்று வெடிக்கிறது. (திருச்சி)

பதில்: சத்தம் கூடுவதால் வேகம் கூடியதுபோலத் தோன்றும். சைலன்சரை மட்டும் மாற்றுவதால் சாதாரண வண்டியில் கிடைக்கும் சக்தி மிகக் குறைவு. கார்புரேட்டர் வண்டியில், பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றாமல் விட்டால் பெட்ரோல் கலவை மெலிந்து எஞ்சின் கூடுதலாகச் சூடாகவும் வாய்ப்புண்டு. அந்த வெடிச் சத்தத்துக்கு முதலில் இணைப்பைப் பாருங்கள். எஞ்சினும் பெண்ட் பைப்பும் சேரும் இடத்திலோ குழாயை இறுக்கும் கிளாம்ப்பிலோ காற்று உள்ளே புகுந்தால், எரியாமல் வந்த பெட்ரோல் சைலன்சருக்குள் பற்றிக்கொள்கிறது. இணைப்பில் கசிவை அடைக்கும் கேஸ்கெட்டைப் புதிதாக மாற்றாமல் பழையதையே திரும்பப் போட்டிருப்பார்கள். சைலன்சர் பழையதாக இருக்கலாம், கேஸ்கெட் எப்போதும் புதிதாகத்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: என் வண்டி பிஎஸ்6. பழைய மாடலின் சைலன்சர் பாதி விலைக்கு வருகிறது, போடலாமா? (மதுரை)

பதில்: வேண்டாம். பிஎஸ்6 என்ற புகை விதி அமலான 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பெரும்பாலான வண்டிகளில் புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. அது சொல்வதை வைத்துத்தான் எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று இசியூ என்ற எஞ்சின் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. பழைய குழாயில் பெரும்பாலும் அந்த சென்சாரைத் திருக இடமே இருக்காது. பிஎஸ்6 சைலன்சரையே செகண்ட் ஹேண்டில் வாங்கினாலும் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு உண்டு. அதற்காக அறுத்து எடுத்துவிட்டு, மறுபடி வெல்டிங் வைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கம்பெனி வெல்டிங் ஒரே சீராக ஓடும். நடுவில் தடித்த கை வெல்டிங் தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள். பில் கொடுக்காத இடத்தில் இதை வாங்கவே வேண்டாம், திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம்.

கேள்வி: வெளிநாட்டு பிராண்டான அக்ராபோவிச் சைலன்சர் ஆயிரத்து ஐந்நூறுக்குத் தருகிறார்கள். வாங்கலாமா? (கல்லூரி மாணவர், கோவை)

பதில்: அந்த விலைக்கு அது அக்ராபோவிச் இல்லை தம்பி, பெயர் ஒட்டிய டப்பா. உள்ளே ஓட்டை போட்ட ஒரு குழாயும் கொஞ்சம் கண்ணாடிப் பஞ்சும்தான் இருக்கும். பஞ்சு சீக்கிரம் எரிந்து பறந்துவிடும், அப்புறம் வெறும் தகர இரைச்சல். அந்தப் பணத்தை நல்ல டயருக்குச் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: யமஹா ஆர்எக்ஸ் 100க்குப் பழைய சைலன்சர் தேடுகிறேன். எதைப் பார்க்க வேண்டும்? (சேலம்)

பதில்: ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்சர் எஞ்சினின் ஓர் உறுப்பு மாதிரி. அதன் வயிறு விரிந்து சுருங்கும் வடிவத்தில் மோதித் திரும்பும் அழுத்த அலைதான், வெளியேறப் பார்க்கும் புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அதனால் வயிற்றில் பெரிய நசுங்கல் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். வெளி மார்க்கெட் நகல்களில் இந்த அளவு பிசகியிருந்தால் வண்டி பழைய இழுவையைக் காட்டாது. தூக்கிப் பாருங்கள், அளவுக்கு மீறிக் கனத்தால் உள்ளே கரி அடைத்திருக்கிறது. வால் பக்கம் உள்ள சின்ன போல்ட்டைக் கழற்றி உள்குழாயை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். கரி இருப்பது குறையில்லை, சுத்தம் செய்துகொள்ளலாம். உள்குழாயே இல்லை என்றால் அது பெரிய குறை. நெருப்பில் போட்டுக் கரி எடுத்தது என்றால் குரோம் நீலம் பாய்ந்து உரிய ஆரம்பித்திருக்கும், அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: சத்தம் கொஞ்சம் கூடினால் போலீஸ் பிடிப்பார்களா? "அப்ரூவ்டு" என்று ஸ்டிக்கர் இருக்கிறதே? (சென்னை)

பதில்: ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். 80 முதல் 175 சிசி வரை தயாரிப்பு நிலையில் 77 டெசிபல், அதற்கு மேல் 80 டெசிபல் என்பது பைக் சத்தத்துக்கான வரம்பு. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி ஒலி விதியை மீறினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம், லைசென்ஸும் மூன்று மாதம் போகும். இரவு பதினோரு மணிக்குத் தூங்கும் குழந்தைகளும் நோயாளிகளும் இருக்கும் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறோம். சத்தத்துக்காக மட்டும் வாங்குவதென்றால் என் பதில் வேண்டாம் என்பதுதான்.

கேள்வி: ஆன்லைனில் பழைய சைலன்சர் விளம்பரம் பார்த்தேன், விற்பவர் வெளியூர். (நாகர்கோவில்)

பதில்: அடிப்பக்கம், இரண்டு வாய்களின் உட்புறம், பிராக்கெட், வெல்டிங் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் படம் கேளுங்கள். குலுக்கிக் காட்டும் ஒரு வீடியோவும் வேண்டும். வாயின் அகலத்தை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து சொல்லச் சொல்லுங்கள். கூரியர், கேஸ்கெட், கிளாம்ப், மாட்டும் கூலி நான்கையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். புதிய கம்பெனி சைலன்சரின் விலையில் பாதியைத் தாண்டினால் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் புதிதே வாங்குங்கள்.