விடுதிக்கு அனுப்புவது யாருக்காக?

அன்புள்ள ஐயா,

என் பத்து வயது மகன், என் அண்ணனின் ஆறு வயது மகளிடம் தகாத முறையில் நடந்துகொண்டிருக்கிறான். ஒரு முறை அல்ல. கணவர் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்கிறார். ஆலோசகரிடம் போனால், மறந்துகொண்டிருப்பதைக் கிளறிவிடுவார்களோ என்று பயம். எல்லாம் கைப்பேசியால் வந்ததா? அவன் இனி இப்படித்தான் வளர்வானா?

ஒரு தாய்

அன்புள்ள சகோதரி,

மூடி மறைக்காமல் எழுதினீர்கள். அதற்கு என் வணக்கம். கொஞ்ச காலமாகவே இதைப் பற்றி எழுத நினைத்திருந்தேன்.

கைப்பேசி காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவனையே யாராவது சீண்டியிருக்கிறார்களா என்பதையும் சேர்த்து ஆலோசகர் விசாரிப்பார். அதை விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் மகன் இருக்கிறான், கணவர் இருக்கிறார், உங்கள் பயம் இருக்கிறது. அந்தச் சிறுமி முதல் வரியோடு காணாமல் போய்விட்டாள். ‘மறந்துகொண்டிருப்பது’ யார்? அவளா, நீங்களா? உங்கள் அண்ணனுக்குச் சொல்லிவிட்டீர்களா? சொல்லவில்லை என்றால் இன்றே சொல்லுங்கள்.

எங்கள் குடும்பத்திலும் இப்படி ஒன்று நடந்தது. பையனை அடித்து, தூரத்து உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பின் வீட்டில் யாரும் அவன் பெயரைக்கூட எடுக்கவில்லை. என் சித்தி மகள் வளர்ந்து பெரியவளான பிறகு என்னிடம் சொன்னாள்: “என்னால்தான் அவனைத் துரத்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.” கிளறாமல் விட்டதன் பலன் அது. அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதே கருணை என்று நினைத்துவிட்டார்கள்.

அந்தக் குழந்தைக்குத் தனியாக ஓர் ஆலோசகர் வேண்டும். முதல் நாளே நடந்ததைச் சொல்லும்படி யாரும் அவளை வற்புறுத்த மாட்டார்கள். பயம் வரும்போது உடலை அமைதிப்படுத்தக் கற்றுத்தருவார்கள். பிறகு மெல்ல மெல்லத்தான் நினைவுகளுக்குப் போவார்கள். பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென வகுக்கப்பட்ட அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் நடத்தையையும் மெல்ல மாற்றக் கற்றுத்தரும் பேச்சுவழிச் சிகிச்சை) பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகளில் முடியும். அதில் பெற்றோருக்கும் பங்கு உண்டு. உங்கள் மகனை அவள்முன் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

இப்போது விடுதி. கண்ணில் படாமல் இருந்தால் உங்கள் கணவருக்கு நிம்மதி. பையனுக்கு அதில் என்ன இருக்கிறது? அங்கேயும் சின்னக் குழந்தைகள் இருப்பார்களே! அமெரிக்காவில் இப்படி நடந்துகொண்ட 5 முதல் 12 வயதுக் குழந்தைகள் 135 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, 12 அமர்வுகளில் இருவிதச் சிகிச்சை அளித்து, பத்து ஆண்டுகள் கழித்து என்ன ஆனார்கள் என்று பார்த்தார்கள். 2006-இல் வெளியான ஆய்வு அது. விளையாட்டின் வழியே மனதை அணுகும் விளையாட்டுச் சிகிச்சை பெற்றவர்களில் 10 சதவீதத்தினர்மீது பின்னாளில் பாலியல் குற்றப் புகார் வந்திருந்தது. அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை பெற்றவர்களில் அது 2 சதவீதம்தான். இத்தகைய சிகிச்சையில் வளர்ப்பவர்களும் பாடம் கேட்கிறார்கள்: எப்படிக் கண்காணிப்பது, உடல் எல்லைகளை எந்தச் சொற்களில் விளக்குவது, விதி மீறினால் அடிக்காமல் என்ன செய்வது. விடுதிக்கு அனுப்பிவிட்டு இதையெல்லாம் யாருக்குச் செய்வீர்கள்? பத்து வயதுப் பையனைக் குற்றவாளி என்று வீட்டில் ஒருவரும் சொல்லக்கூடாது. செய்தது தவறு என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்.

சிகிச்சை முடியும்வரை இரு குழந்தைகளும் சந்திக்க வேண்டாம். வேறு சிறு குழந்தைகளுடனும் அவனைத் தனியே விடாதீர்கள். ஆலோசகருக்குச் சட்டப்படி அதிகாரிகளிடம் தெரிவிக்கும் கடமை இருக்கலாம். முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். அதற்குப் பயந்து போகாமல் இருந்துவிடாதீர்கள். கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். வர மறுத்தால், அவருக்காகக் காத்திருக்காமல் நீங்கள் மகனுடன் போங்கள்.