முதல் பூவுக்கு முன்னால் கத்தரி வைக்கலாமா?

கேள்வி: போன ஐப்பசியில் கம்பிவேலி ஓரமாக வெட்சி, நொச்சி, ஆவாரைக் கன்றுகள் நட்டோம். வெட்சி பக்கக்கிளையே இல்லாமல் ஒற்றைக் குச்சியாக முழங்காலைத் தாண்டிவிட்டது. நொச்சி தாறுமாறாகப் போகிறது. வெட்டலாம் என்றால், "முதல் பூவைப் பார்க்காமல் கத்தி வைக்காதே" என்கிறார் மாமியார். என்ன செய்வது?
– வாசகி, காங்கேயம்

பதில்: மாமியார் சொல்வது ஆவாரைக்குச் சரி, அம்மணி. வெட்சிக்குச் சரிவராது.

வெட்சி கிளை நுனியில்தான் பூக்கும். ஒற்றைக் குச்சிக்கு நுனி ஒன்று, கொத்தும் ஒன்று. அதற்காகக் காத்திருந்தால் செடி உயர்ந்துகொண்டே போகும், அடி மொட்டையாகிவிடும். துணிந்து வெட்டுங்கள். எங்கே என்பதுதான் விஷயம். குச்சியை உற்றுப் பாருங்கள். ஒரு கணுவில் இரண்டு இலை எதிரெதிரே இருக்கும். அதற்கு அடுத்த கணுவில் அந்த ஜோடி குறுக்காகத் திரும்பியிருக்கும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் மூக்குத்திக் கல் அளவுக்கு ஒரு மொக்கு. எந்தக் கணுவுக்கு மேலே வெட்டுகிறீர்களோ, அந்த இரண்டு மொக்கும் இலை பார்த்த திசையிலேயே கிளையாகக் கிளம்பும். வேலி கிழக்கு மேற்காக ஓடினால், கிழக்கு மேற்கு பார்த்த ஜோடியைத் தேர்ந்தெடுத்து அதற்குக் கால் அங்குலம் மேலே நறுக்குங்கள். கிளை வேலியோடு போகும், நடைபாதையை மறிக்காது. கீழே மூன்று ஜோடி இலையாவது மிச்சம் இருக்கட்டும். புதுக்கிளை ஒரு சாண் வந்ததும் நுனியை நகத்தால் கிள்ளிவிட்டால் இரண்டு நாலாகும். அப்புறம் பூக்க விடுங்கள். வாடிய கொத்துகளை எல்லாம் நறுக்கிவிட வேண்டாம். பழம் கொண்டைக்குருவிக்கும் வேண்டும், பிள்ளைகளுக்கும் வேண்டும்.

நொச்சி முரட்டுச் செடி. முழங்கால் உயரத்துக்கு வெட்டினாலும் போத்துப் போத்தாக வெடிக்கும். வேலியாக அடைய வேண்டுமென்றால் அடி அகலமாகவும் தலை குறுகலாகவும் இருக்கும்படி வெட்டிக்கொண்டு வாருங்கள். தலை அகன்றால் அடிக்கிளைக்கு வெயில் கிடைக்காமல் இலை உதிர்ந்து, நாய் நுழைகிற ஓட்டை விழும். பூங்காக்களில் உருண்டை உருண்டையாகச் சிரைத்து நிறுத்துகிறார்களே, அது எனக்குப் பிடிக்காது. மேலே மட்டும் இலை, பிரித்துப் பார்த்தால் உள்ளே வெறும் குச்சி.

ஆவாரையை இந்த வருஷம் விட்டுவிடுங்கள். காய்ந்தது, ஒடிந்தது மட்டும் எடுத்தால் போதும். உங்கள் பக்கம் பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூ வேண்டுமே! இலையைப் பச்சைப்புழு தின்றிருந்தால் அந்தக் கிளையை வெட்டி எறியாதீர்கள். பெரும்பாலும் அது பட்டாம்பூச்சிக் குஞ்சுதான். செடி மறுபடி தழைத்துக்கொள்ளும்.

கவாத்துக்கு ஆவணி நல்லது. ஆடிக்காற்று அடங்கியிருக்கும், வெட்டு ஆறி துளிர் வரும்போது மழையும் வந்துவிடும். கத்திரி வெயிலில் வேண்டாம், அடைமழையிலும் வேண்டாம். அரிவாளால் சீவினால் பட்டை உரியும். கூரான கத்தரிதான் சரி. வெட்டும் முன் கிளைக்குள் கையை விட்டுப் பாருங்கள், தையல்சிட்டுக் கூடு இருந்தால் குஞ்சு பறக்கும்வரை பொறுங்கள்.

வெட்டிய நொச்சியில் பென்சில் கனக் குச்சியை ஒரு சாணுக்கு நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி வேலி இடைவெளியில் ஊன்றுங்கள். வேர் பிடிக்கும். தழையை நிழலில் உலர்த்தி பயறு மூட்டையில் போட்டு வையுங்கள், வண்டு அண்டாது.