ஒரு நாட்டின் எரிவாயு வழங்கல் பாதுகாப்பாக இருக்கிறதா என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்? தட்டுப்பாட்டை முன்கூட்டியே கணிக்க முடியுமா?

ஜெர்மனியில் ஓர் எரிவாயு விநியோக நிறுவனத்தில், தேவையைக் கணிக்கும் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். ரஷ்யா உக்ரைனைத் தாக்கிய 2022-ஐ அங்கேதான் கடந்தேன். அதனால் அந்த நாட்டை வைத்தே சொல்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கென்று ஒரு சூத்திரம் சட்டத்திலேயே இருக்கிறது. ‘என் மைனஸ் ஒன்று’ (N-1) என்பார்கள். எல்லைக் குழாய்கள், உள்நாட்டுக் கிணறுகள், நிலத்தடிக் கிடங்குகள், எல்என்ஜி (குளிர்வித்துத் திரவமாக்கிய எரிவாயு) இறக்கும் முனையங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நாளில் எவ்வளவு தர முடியும் என்று கூட்ட வேண்டும். அதில் இருப்பதிலேயே பெரிய ஒன்று நின்றுபோனதாக வைத்துக் கழிக்க வேண்டும். இருபது ஆண்டுக்கு ஒரு முறை வரும் கடுங்குளிர் நாளின் தேவையை அந்த மிச்சம் தாங்கினால் தேர்ச்சி. 2009 ஜனவரியில் ரஷ்யா, உக்ரைன் தகராறில் எரிவாயு இரண்டு வாரம் நின்று, பல்கேரியா நடுக்குளிரில் தவித்தது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த விதி இது.

ஜெர்மனி இந்தத் தேர்வில் சுலபமாகத் தேறிய நாடு. ஆனால் 2021-இல் இறக்குமதியில் பாதிக்கு மேல் ரஷ்ய எரிவாயு. பால்டிக் கடல் வழியாக ஒன்று (நோர்டு ஸ்ட்ரீம்), போலந்து வழியாக ஒன்று, உக்ரைன் வழியாக ஒன்று என்று குழாய்கள் தனித்தனி, விற்றவர் ஒருவரே. சூத்திரத்தில் அதற்கு இடமே இல்லை. கிடங்கைக் கணக்கில் சேர்த்தார்களே, அது யார் கையில் இருக்கிறது என்பதற்கும் இடமில்லை. நாட்டிலேயே பெரிய ரேடன் கிடங்கு ரஷ்ய அரசு நிறுவனமான காஸ்ப்ரோமின் குழுமத்திடம் இருந்தது. 2021 இலையுதிர் காலத்தில் அது ஏறக்குறைய காலி. விலை ஏறியதால் நிரப்பவில்லை போலிருக்கிறது என்று எங்கள் கூட்டத்தில் பேசி முடித்தோம். கிடங்கின் அந்த ஒரு இருப்பு எண் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தது, நாங்கள் கேட்கவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

சரி, கணிப்புக்கு வருகிறேன். பாதி வீடுகள் எரிவாயுவில் சூடாகும் நாட்டில் தேவை என்பது பெரும்பாலும் வெப்பநிலைதான். பல பத்தாண்டு வானிலைப் பதிவை எடுத்து, ஒவ்வொரு குளிர்காலமும் இந்த ஆண்டு வந்தால் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்ப்போம். இதில் பலர் தவறவிடுவது கிடங்கின் அழுத்தம். கிடங்கு காலியாகக் காலியாக அழுத்தம் இறங்கும், ஒரு நாளில் எடுக்கக்கூடிய அளவும் குறையும். எனவே 30 சதவீதம் மீதி இருக்கிறது என்பது முப்பது சதவீத நிம்மதி ஆகாது. டிசம்பர் குளிரைவிட பிப்ரவரி கடைசியில் வரும் ஒரு வாரக் குளிர்தான் எங்களுக்குப் பயம்.

2022 செப்டம்பர் தொடக்கத்திலிருந்து நோர்டு ஸ்ட்ரீம் வழியாக ஒன்றும் வரவில்லை. அந்த மாதம் 26-ஆம் தேதி குழாயே வெடித்தது. நவம்பர் 1-க்குள் கிடங்கு 90 சதவீதம் நிரம்ப வேண்டும் என்று வசந்த காலத்திலேயே சட்டம் போட்டிருந்தார்கள். டிசம்பரில் வில்ஹெல்ம்ஸ்ஹாபனில் மிதக்கும் எல்என்ஜி முனையம் வந்தது. மக்களும் ஆலைகளும் சிக்கனம் பிடித்தார்கள், குளிரும் மிதமாக இருந்தது. தப்பித்தோம்.

ஆனால் அந்த எல்என்ஜி எங்கிருந்து வந்தது? ஆகஸ்டில் ஐரோப்பிய விலை ஒரு மெகாவாட்-மணி (MWh) எரிவாயுவுக்கு 300 யூரோவைத் தாண்டியது. அப்படி ஏறிக்கொண்டிருந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் வங்கதேசம் ஜூலையிலேயே உடனடிச் சந்தையில் (நீண்டகால ஒப்பந்தம் இல்லாமல், அன்றைய விலையில்) வாங்குவதை நிறுத்தி, முறைவைத்து மின்சாரத்தை வெட்டியது. அங்கே முனையம் இருந்தது, கப்பலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. என்னைப் பொறுத்தவரை, ஒரு நாடு எந்த விலைவரை தாங்கும் என்பதைச் சேர்க்காத எந்த மதிப்பீடும் அரைகுறைதான்.

இந்தியாவுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். தேவையில் ஏறக்குறைய பாதி இறக்குமதி, எல்லாமே கப்பலில் வரும் எல்என்ஜி. பெரிய நிலத்தடிக் கிடங்கு கிடையாது. சூத்திரப்படி கழிக்க வேண்டியது குஜராத்தின் தஹேஜ் முனையம். ஆனால் அதிகம் விற்கும் கத்தாரின் கப்பல்கள் வருவது பாரசீக வளைகுடாவின் குறுகிய வாயிலான ஹோர்முஸ் நீரிணை வழியாக. நான் கணக்குப் போட்டால் முதலில் ஹோர்முஸைக் கழித்துவிட்டு, மிச்சம் எத்தனை நாளுக்கு வரும் என்றுதான் பார்ப்பேன்.