போன முறை போட்ட சொட்டு மருந்தையே இந்த முறையும் போடலாமா? கண் சிவப்பு, நீர் வடிதல்: கேள்வி-பதில்

என் மகனுக்கு 11 வயது. மாசி பிறந்தால் கண் சிவந்து அரிக்க ஆரம்பிக்கும், ஆடிக் காற்று ஓயும்வரை விடாது. கையை எடுக்காமல் கசக்குகிறான். காலையில் நூல் மாதிரி வெள்ளையாக அழுக்கு வருகிறது. மெடிக்கலில் தரும் சொட்டு மருந்து மூன்றே நாளில் சரியாக்கிவிடுகிறது. நிறுத்தினால் ஒரு வாரத்தில் மறுபடியும் வந்துவிடும். இரண்டு வருஷமாக இதே கதைதான். வீட்டுக்குப் பக்கத்தில் நார் மில் இருக்கிறது. (ஆனைமலை)

முதலில் அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்து லேபிளைப் படியுங்கள். டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. பல சமயம் ஆஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்தே ஒரே பாட்டிலில் இருக்கும். வாங்குகிறவருக்கு அது "கிருமி மருந்து" என்றுதான் தெரியும். எந்தக் காரணத்தால் கண் சிவந்தாலும் ஸ்டீராய்டு சிவப்பை அடக்கிவிடும். மூன்று நாளில் குணம் தெரிவது அதனால்தான். நிறுத்தியதும் திரும்புவது, அடியில் இருக்கும் நோய் அப்படியே கிடப்பதால்.

இதைப் பழகிப் போட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும். லென்ஸில் புரை விழும். அழுத்தம் ஏறுவது வலிக்காது, பையன் சொல்லவும் மாட்டான். ஓரப் பார்வை போன பிறகுதான் தெரியவரும், போனது திரும்பாது. விட்டு விட்டுப் போட்டிருந்தாலும் இரண்டு வருஷம் என்பது சின்னக் காலம் இல்லை. இந்த வாரமே கண் மருத்துவரிடம் காட்டிக் கண் அழுத்தம் அளக்கச் சொல்லுங்கள். பாட்டிலையும் கொண்டுபோங்கள்.

இனி நோய். அரிப்பு, பருவம் பார்த்து வருவது, நூல் போன்ற அழுக்கு, பையனின் வயது, இவை நான்கும் சேர்ந்தால் பெரும்பாலும் அது ஒவ்வாமை, தொற்று இல்லை. ஐந்து வயதிலிருந்து பதினைந்துக்குள், அதிலும் ஆண் பிள்ளைகளுக்கு அதிகம் வரும். மேல் இமையைப் புரட்டினால் உள்பக்கம் கூழாங்கல் பதித்ததுபோல் மேடு மேடாகத் தெரியும். ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் அந்த மேடு கருவிழியை உரசுகிறது. வெயிலில் வந்ததும் பையன் கண்ணைச் சுருக்கித் தலையைக் குனிகிறான் என்றால் காரணம் இதுதான்.

பொதுவாக முதலில் எழுதிக்கொடுப்பது ஓலோபடடின் 0.1% சொட்டு, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இது ஸ்டீராய்டு இல்லை. சிவப்பு போனதும் நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இது வரும்முன் காக்கிற மருந்து. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு மாசிக்கு இரண்டு வாரம் முன்பே ஆரம்பித்து, பருவம் முடியும்வரை விடாமல் போட வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் சைக்ளோஸ்போரின் சொட்டு, டாக்ரோலிமஸ் களிம்பு உண்டு. ஸ்டீராய்டே தேவைப்பட்டாலும், அழுத்தத்தை அளந்து பார்த்துக்கொண்டு சில நாள் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். அது மருத்துவர் கையில் இருக்க வேண்டிய மருந்து.

கசக்குவதை எப்பாடுபட்டாவது நிறுத்துங்கள். கசக்கிக் கசக்கிக் கருவிழி மெலிந்து கூம்பாகிவிடும். பிறகு சாதாரணக் கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாது. அரிக்கும்போது ஃபிரிட்ஜ் தண்ணீரில் நனைத்த துணியை மூடிய இமைமேல் ஐந்து நிமிஷம் வையுங்கள், அரிப்பு இறங்கும். சொட்டு மருந்தையும் ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ச்சியாகப் போடலாம் (ஃப்ரீசரில் வேண்டாம்). நார்த் தூசியும் பார்த்தீனியமும் இருக்கிற ஊரில் ஜன்னலைச் சாத்தி மட்டும் தப்ப முடியாது. வெளியே போகும்போது தொப்பியும் கண்ணாடியும் போடட்டும். விளையாடி வந்ததும் முகமும் தலையும் கழுவ வேண்டும். தலையில் தங்கிய தூசிதான் இரவில் தலையணைக்கு வருகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இருபது வயதுக்குள் இது தானாகத் தணியும். அதுவரை கண்ணைக் கெடுக்காமல் கொண்டுபோவதுதான் வைத்தியம்.

எனக்கு வயது 54. மார்கழி, தை மாசத்தில் காற்று அடித்தால் இரண்டு கண்ணிலும் தண்ணீராகக் கொட்டுகிறது, மண் விழுந்தது போல உறுத்துகிறது. மருத்துவரோ "கண் வறட்சி" என்கிறார். தண்ணீர் கொட்டுகிற கண் எப்படி வறண்ட கண் ஆகும்? (கொழிஞ்சாம்பாறை)

நியாயமான கேள்வி. கண்ணைக் காப்பது கொட்டுகிற கண்ணீர் இல்லை, கருவிழிமேல் எப்போதும் மெல்லிசாகப் படிந்திருக்கும் ஈரம். அதன் மேலே ஒரு எண்ணெய்ப் பூச்சு உண்டு. குழம்பின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல அது ஆவியாகாமல் மூடிக் காக்கிறது. இமை ஓரத்தில் வரிசையாக இருக்கும் சுரப்பிகள்தான் இந்த எண்ணெயைத் தருகின்றன. அவற்றின் வாய் அடைத்துக்கொண்டால் பூச்சு குறையும், ஈரம் சட்டென்று காயும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்று இன்னும் வேகமாகக் காய வைக்கும். காய்ந்த கண் உறுத்தும். உறுத்தலுக்குப் பதிலாகக் கண்ணீர்ச் சுரப்பி ஒரேயடியாகத் தண்ணீரைக் கொட்டும். அதில் எண்ணெய் இல்லாததால் கன்னத்தில் வழிந்து போகும், கண்ணில் நிற்காது.

ஆகவே இமை ஓரத்தைக் கவனியுங்கள். சுத்தமான துணியைக் கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் பிழிந்து, மூடிய கண்மேல் வையுங்கள். துணி ஒரு நிமிஷத்தில் ஆறிவிடும். மறுபடி மறுபடி நனைத்து, மொத்தம் எட்டுப் பத்து நிமிஷம் சூடு தங்க வேண்டும். ஒரே தடவை ஒத்திவிட்டுப் "பலனில்லை" என்பவர்கள்தான் அதிகம். சூடு அடங்குமுன் விரல் நுனியால் மேல் இமையைக் கீழ்நோக்கியும், கீழ் இமையை மேல்நோக்கியும் மெதுவாக நீவுங்கள், உருகிய எண்ணெய் வெளியே வரும். கடைசியாக, பேபி ஷாம்பு ஒரு பங்கு, காய்ச்சி ஆறிய தண்ணீர் பத்துப் பங்கு கலந்து, பஞ்சில் தொட்டு இமைமுடி வேர்களைத் துடையுங்கள். பொடுகு போல ஒட்டியிருப்பது வந்துவிடும். தினம் இரண்டு வேளை, குறைந்தது ஒரு மாசம்.

கூடவே கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 0.5% சொட்டு நாலு வேளை போடலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் பிரிசர்வேட்டிவ் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பிரிசர்வேட்டிவே கண் மேற்பரப்பைப் புண்ணாக்கும். பைக்கில் போனால் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். படுக்கும்போது ஃபேன் காற்று நேராக முகத்தில் அடிக்க வேண்டாம்.

எங்க அமுச்சிக்கு 68 வயது. இடது கண்ணில் மட்டும் எந்நேரமும் தண்ணீர் வழிகிறது. சிவப்பு அவ்வளவு இல்லை. என்ன சொட்டு போடலாம்? (கோபாலபுரம்)

ஒரே கண், சிவப்பில்லாமல், எந்நேரமும் என்றால் முதலில் கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் வடிகாலின் அடைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். மூக்கை ஒட்டிய கண் மூலையில், எலும்பு ஓரமாக விரலால் மெல்ல அழுத்துங்கள். கண்ணுக்குள் சளியோ சீழோ எதிர்த்து வந்தால் கண்ணீர்ப் பை தேங்கி நிற்கிறது. சொட்டு மருந்து அடைப்பைத் திறக்காது. டிசிஆர் என்ற அறுவை செய்து மூக்குக்குள் புது வழி வைப்பார்கள். புரை ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தால் இதை மறைக்காமல் சொல்லுங்கள், தேங்கிய கிருமி கண்ணுக்குள் போனால் ஆபத்து. மூக்கோரம் வீங்கி வலியும் காய்ச்சலும் வந்தால் அழுத்தாதீர்கள், உடனே காட்டுங்கள்.

எனக்கு 33 வயது. வருஷத்துக்கு மூன்று தடவை வலது கண்ணில் "மெட்ராஸ் ஐ" வருகிறது. பீளை இல்லை. வெளிச்சம் பார்த்தால் வலிக்கிறது, பார்வை மங்குகிறது. (மீனாட்சிபுரம்)

இது மெட்ராஸ் ஐ இல்லை. பாலக்காட்டுப் பக்கம் செங்கண்ணு என்று சொல்லும் அந்த வைரஸ் தொற்று ஒரு கண்ணில் தொடங்கி, பெரும்பாலும் அடுத்த கண்ணுக்கும் வந்து, பீளை கட்டி, ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். ஒரே கண்ணுக்கு வருஷம் மூன்று முறை தேடி வராது.

பீளை இல்லாமல் வலி, வெளிச்சக் கூச்சம், மங்கல் என்றால் இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று, கண்ணின் உள்பகுதி அழற்சி: சிவப்பு கருவிழியைச் சுற்றி வளையமாக அடர்ந்திருக்கும், கண் பாப்பா சுருங்கியிருக்கும். காலையில் எழுந்ததும் அரை மணிக்கு மேல் இடுப்பு விறைத்து, நடமாடினால் சரியாகிறதா? இருந்தால் அதையும் சொல்லுங்கள், முதுகெலும்பு வாதத்தோடு இந்தக் கண் நோய் சேர்ந்து வருவதுண்டு. மற்றொன்று ஹெர்பீஸ் வைரஸ்: கருவிழியில் மரக்கிளை போலப் புண் போடும், அடங்கி மறுபடி அதே கண்ணில் கிளம்பும்.

முன்னதற்கு ஸ்டீராய்டுதான் முக்கிய மருந்து, தொடக்கத்தில் மணிக்கொரு சொட்டுக்கூட எழுதுவார்கள். பின்னதில், வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் தராமல் அதே ஸ்டீராய்டைப் போட்டால் புண் அகலமாகிக் கருவிழி வெளுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மஞ்சள் சாயம் விட்டு, ஸ்லிட் லேம்ப் என்ற கண் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். அடுத்த முறை சிவந்த அன்றே, எந்தச் சொட்டு மருந்தும் போட்டுக்கொள்ளாமல் கண் மருத்துவரிடம் போங்கள்.

தேங்காய் உரிக்கும்போது மட்டைத் தும்பு கண்ணில் அடித்துவிட்டது. நந்தியாவட்டைப் பூச்சாறு விட்டோம். மூன்று நாளாகியும் சிவப்பு குறையவில்லை, நீர் வடிகிறது. வீட்டில் பழைய சொட்டு மருந்து இருக்கிறது. (வேலந்தாவளம்)

அந்தப் பாட்டிலைத் தொடாதீர்கள், இன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போங்கள். மட்டை, ஓலை, சோகை இவை கீறிய காயத்தில் பூஞ்சைக் கிருமி இறங்கும். முதல் சில நாள் வெறும் உறுத்தலாக இருந்து, பிறகு கருவிழியில் சாம்பல் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். பழைய மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறைந்ததுபோலக் காட்டிக்கொண்டே பூஞ்சை உள்ளே பரவும். பூச்சாறும் தாய்ப்பாலும் சுத்தமானவை என்று நம்பித்தான் விடுகிறோம், ஆனால் கீறல் விழுந்த கண்ணுக்கு அவை புதுக் கிருமியைக் கொண்டுபோகும். காயத்தைச் சுரண்டி எடுத்துச் சோதித்து, பூஞ்சை என்றால் நாட்டாமைசின் 5% சொட்டை முதலில் மணிக்கொரு முறை விடச் சொல்வார்கள். ஆற வாரக்கணக்கில் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது.

இன்னொரு முறை தும்பு அடித்தால் கசக்காமல், நல்ல தண்ணீரை ஓடவிட்டுக் கழுவுங்கள். கருவிழியில் ஒட்டி நின்றால் துணி முனையாலோ நாக்காலோ எடுக்க வேண்டாம், அப்படியே கூட்டிக்கொண்டு போங்கள்.