மூன்று நாள் சார்டின்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். வயது 43. ரப்பர்த் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்து இருபது வருடமாகிறது. போன மாதம் கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். எச்பிஏ1சி என்ற சராசரிச் சர்க்கரை 7.6, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 3.2. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையோடு கிளிக்லசைடும் கொடுத்திருக்கிறார்கள். மூன்று நாள் டின் சார்டின் மட்டும் சாப்பிட்டால் எல்லாம் இறங்கிவிடும் என்று மச்சான் ஒரு வீடியோ அனுப்பினார். நீங்களும் இரண்டு வாரம் மீன் மட்டும் சாப்பிட்டுக் கொழுப்பைக் குறைத்ததாக எழுதியிருந்தீர்கள். அடுத்த பரிசோதனைக்கு முந்தின மூன்று நாள் செய்யலாம் என்றிருக்கிறேன். அப்பாவும் சேர்ந்துகொள்கிறேன் என்கிறார். அவருக்கு 71. இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். செய்யலாமா?

— பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தக் கிளிக்லசைடு. நீங்கள் சோறு சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்தை உந்தி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சோறும் ரொட்டியும் இல்லாத நாளில் அதே அளவு மாத்திரை போட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கலாம். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், கண் இருட்டும். மோட்டார் ஓட்டும்போது அப்படி வந்தால் என்ன ஆகும்? நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். கிளினிக்கில் கேட்காமல் ஒரு நாள்கூடத் தொடங்காதீர்கள்.

அப்பாவைச் சேர்க்கவே வேண்டாம். ஆக்ஸ்ஃபர்டில் ஹியூ சின்க்ளேர் என்ற சத்துணவு ஆய்வாளர் 1979-இல் எஸ்கிமோக்களைப் போல 100 நாள் மீனும் சீல் இறைச்சியும் மட்டும் சாப்பிட்டுத் தன்னையே சோதித்துப் பார்த்தார். சிறு கீறலில் மூன்று நிமிடத்தில் நின்ற ரத்தம் கடைசியில் நிற்க ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஆனது. மீன் கொழுப்பிலுள்ள ஒமேகா-3 ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகிறது. மூன்று நாளில் அந்த அளவுக்குப் போகாது, உண்மைதான். ஆனால் ஆஸ்பிரினும் அதே வேலையைத்தான் செய்கிறது. தவிர, டின் மீனில் உப்பு அதிகம். அவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் மீன் குழம்பு போதும்.

இப்போது என் கதை. அந்தக் கட்டுரையில் ஒன்றை விட்டுவிட்டேன். அது தவறு, இங்கே திருத்திக்கொள்கிறேன். பதினான்கு நாள் கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனும் எண்ணெய் சார்டினும் மட்டும் சாப்பிட்டேன். (தக்காளி சாஸ் டின்னில் சீனி சேர்ப்பதால் அதைத் தொடவில்லை.) ட்ரைகிளிசரைடு 2.9-இலிருந்து 1.4-க்கு வந்தது. அதை எழுதினேன். கெட்ட கொழுப்பு 3.4-இலிருந்து 4.1-க்கு ஏறியதையும், யூரிக் அமிலம் கூடிப் பன்னிரண்டாம் நாள் ராத்திரி கால் பெருவிரல் வீங்கிப் போர்வை பட்டாலே உயிர் போனதையும் எழுதவில்லை. சார்டினில் பியூரின் அதிகம், அது உடலில் யூரிக் அமிலமாக மாறும். மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் அந்த அமிலம் வெளியேறுவதும் குறையும். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி மூட்டு வீங்கும் கவுட் நோய் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

எச்பிஏ1சி மூன்று நாளில் அசையாது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அந்த எண் இரண்டு மூன்று மாதக் கணக்கைச் சொல்வது. ட்ரைகிளிசரைடு அப்படியல்ல, சில நாளிலேயே இறங்கும். அதனால்தான் பரிசோதனைக்கு முந்தின மூன்று நாளில் செய்யாதீர்கள் என்கிறேன். நீங்கள் மாதம் முழுக்க எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்பது டாக்டருக்குத் தெரியாமல் போய்விடும். அந்த எண்ணை நம்பி அவர் ஒரு முடிவு எடுத்தால் நஷ்டம் உங்களுக்கு. எடை இரண்டு கிலோ குறைந்தாலும் பெரும்பாலும் தண்ணீர்தான்.

சார்டின் நல்ல மீன். 100 கிராமில் சுமார் 25 கிராம் புரதம், 1 கிராம் அளவுக்கு ஒமேகா-3, முள்ளோடு சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்து. ஆனால் என் ட்ரைகிளிசரைடு இறங்கியதில் பெரும்பங்கு, மீனைவிட, தட்டிலிருந்து போனவற்றுக்குத்தான் என்று நினைக்கிறேன். காலையில் இரண்டு ரொட்டி சானாய், பத்து மணிக்குத் தே தாரேக், ராத்திரி மறுபடி சோறு. மிஞ்சும் சீனியையும் மாவையும் கல்லீரல் கொழுப்பாக்கி ரத்தத்தில் அனுப்புகிறது.

எங்கள் தோட்டத்து லயத்தில் சம்பள நாளில் ஒரு டின் சார்டின் வரும். அம்மா வெங்காயமும் பச்சை மிளகாயும் அள்ளிப் போட்டு, தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, ஏழு பேருக்கு ஊற்றுவார். மீன் துண்டு எப்போதாவது கையில் அகப்படும். தட்டு நிறையச் சோறு. அதே அம்மா விடியுமுன் பெரட்டுக்கு (வேலையாட்கள் கணக்கெடுப்புக்கு) போய், நெற்றி விளக்கோடு நானூறு கித்தா (ரப்பர்) மரம் சீவி, பால் வாளி தூக்கி மேடும் பள்ளமும் நடந்தவர். அந்தச் சோறு அந்த நடையில் கரைந்தது. நாம் தாமானுக்கு வந்தோம். சோற்றின் அளவு மட்டும் கூடவே வந்துவிட்டது. மலேசியாவின் 2023 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் என்று வந்தது. எனக்கு அந்தத் தட்டுதான் ஞாபகம் வந்தது.

கிளினிக்கில் சரி என்றால் இப்படிச் செய்து பாருங்கள். வாரத்தில் நான்கு நாள், மதியமும் இரவும் மஞ்சள் தடவிச் சுட்ட கெம்போங், கங்கோங் கீரை அல்லது பயற்றங்காய், சோறு ஒரு பிடி. தேத்தண்ணி கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாமல். மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுங்கள், யூரிக் அமிலத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கிளிக்லசைடு அளவைப் பற்றி அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் இந்த வாரமே எனக்கு எழுதிவிடுங்கள்.

அன்புடன்.