மரச்சீனியா, சேனையா? தட்டில் எதற்கு எந்த இடம்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்கள் வீடு. வாரத்தில் நான்கு நாள் காலையில் மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கும் மீன்கறியும்தான். அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். எனக்குத் தைராய்டு குறைவுக்கு மாத்திரை. "மரச்சீனியை விட்டுட்டு சேனைக்கு மாறுங்க, அதுலதான் சத்து" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. இரண்டில் எதில் சத்து அதிகம்? அப்பா கிழங்கை அடியோடு நிறுத்த வேண்டுமா? சேனை சமைத்தால் தொண்டை அரிக்கிறது, அதற்கு என்ன வழி?

பதில்: அப்பா மரச்சீனியை அடியோடு நிறுத்த வேண்டாம். ஆனால் அளவைக் குறைத்தே ஆக வேண்டும், அதுவும் பாதிக்கும் கீழே. பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் பாதி சரி. சர்க்கரை உள்ளவருக்குச் சேனை மேல்தான். ஆனால் மரச்சீனி வைக்கும் அதே அளவில் சேனையை வைத்துச் சாப்பிட்டால் பெரிய லாபம் இராது.

100 கிராம் பச்சை மரச்சீனியில் 160 கலோரி, மாவுச்சத்து 38 கிராம். அதே எடைச் சேனையில் சுமார் 80 கலோரி, மாவுச்சத்து 18 கிராம். நார்ச்சத்து மரச்சீனியில் 2 கிராமுக்கும் குறைவு, சேனையில் ஏறத்தாழ 4 கிராம். பொட்டாசியமும் சேனையில்தான் கூடுதல். மரச்சீனியில் வைட்டமின் சி 20 மில்லிகிராம் உண்டு என்றாலும், வேகவைத்துத் தண்ணீரை வடிக்கும்போது அதில் பெரும்பகுதி போய்விடும். புரதத்துக்கு இரண்டையுமே நம்ப முடியாது, 100 கிராமுக்கு ஒன்று முதல் இரண்டரை கிராம்தான்.

இந்தக் கணக்கில் முக்கியமானது மாவுச்சத்துதான். வெந்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து 28 கிராம். அதாவது எடைக்கு எடை பார்த்தால் மரச்சீனி சோற்றையே மிஞ்சுகிறது. நான்கு பேருக்கு ஒன்றரைக் கிலோ கிழங்கு வாங்கினால், தோல் போக ஒன்றேகால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். ஆளுக்கு 300 கிராம். அதில் மாவுச்சத்து 114 கிராம், கிட்டத்தட்ட 400 கிராம் சோற்றில் இருப்பது. காலையில் அத்தனை சோறு அப்பாவுக்கு யாரும் பரிமாற மாட்டார்கள். கிழங்கு என்றால் காய்கறிக் கணக்கில் சேர்த்துவிடுவதால்தான் இந்தத் தவறு நடக்கிறது.

இந்த ஊரில் மரச்சீனி வந்ததே அரிசியின் இடத்துக்குத்தான். திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தப் பயிரை ஊக்குவித்தார். 1942இல் பர்மா அரிசி நின்றுபோனபோது கல்குளம், விளவங்கோடு வீடுகளில் அடுப்பெரிந்தது பெரும்பாலும் இந்தக் கிழங்கால்தான். வயல் வேலைக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் போகிறவருக்கு அது இன்றும் நல்ல சாப்பாடு. உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கும் சர்க்கரை உள்ளவருக்கும் மரச்சீனி வேண்டுமென்றால் அன்று அந்த வேளைக்குச் சோறு, தோசை, புட்டு எதுவும் கூடாது. கிழங்கே சோறு.

அப்பாவுக்குத் தோல் சீவிய பச்சை எடையில் 100 முதல் 120 கிராம் போதும், வாரத்தில் இரண்டு நாள். கண்ணளவில் சொன்னால், கட்டைவிரல் நீளத்தில் மூன்று நான்கு துண்டு. முதல் தடவை தராசில் நிறுத்துப் பாருங்கள், பிறகு கண்ணே பழகிவிடும். தட்டில் முதலில் ஒரு கப் கீரைத் துவரனோ அவியலோ வையுங்கள், கூடவே நான்கைந்து சாளை (மத்தி) மீன். அவற்றைப் பாதி சாப்பிட்ட பிறகு கிழங்கைத் தொட்டால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். முதல் வாய் எடுத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்து எழுதி வையுங்கள். அடுத்த முறை அதே அளவில் சேனை சாப்பிட்டுப் பாருங்கள். அப்பாவின் உடம்புக்கு எது ஒத்துவருகிறது என்பதை அந்த இரண்டு எண்களே காட்டிவிடும். ஒரு எச்சரிக்கை: 300 கிராமிலிருந்து 100 கிராமுக்கு ஒரே நாளில் இறங்கிவிட்டு மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டால், சில மாத்திரைகளில் சர்க்கரை தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் வரும். மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள்.

தேங்காய் அரைத்துச் சேர்த்து மசிக்கும் மயக்கிய கிழங்கு என்றால் தேங்காயையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 100 கிராம் தேங்காய்த் துருவலில் 350 கலோரியும் 33 கிராம் கொழுப்பும் இருக்கின்றன. நான்கு பேருக்கு நான்கு மேசைக்கரண்டி போதும். சீரகம், காந்தாரி மிளகு, சின்ன உள்ளி தாராளமாக வைத்து அரைத்தால் தேங்காய் குறைந்தது தெரியாது. கிழங்கை வற்றலாகப் பொரித்துத் தின்பதை இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அது அப்பாவுக்கு வேண்டாம்.

அடுத்து உங்கள் தைராய்டு. மரச்சீனியில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது, அதிலிருந்து சயனைடு வெளிப்படும். சந்தைக்கு வரும் இனிப்புக் கிழங்கில் இது குறைவு, கசப்புக் கிழங்கில் அதிகம். மழை பொய்த்த காலத்துக் கிழங்கிலும் கூடும். உள்ளே போகும் சிறிதளவு சயனைடை உடம்பு தயோசயனேட்டாக மாற்றி வெளியேற்றிவிடும். அந்த மாற்றத்துக்குக் கந்தகம் உள்ள புரதம் தேவை. தயோசயனேட்டோ, தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். மரச்சீனிக்கு மீன்கறி சேர்ந்த பழக்கம் எவ்வளவு பொருத்தம் என்பது இங்கே விளங்கும். மீனில் அந்தப் புரதமும் இருக்கிறது, கடல்மீன் என்பதால் அயோடினும் இருக்கிறது. வெறும் மிளகாய்ச் சம்மந்தியோடு (துவையலோடு) தினமும் கிழங்கு தின்பதுதான் கெடுதல். மீன் கிடைக்காத நாளில் முட்டையோ பயறோ கூட வேண்டும். கருவாடு வைத்தால் புரதம் கிடைக்கும், ஆனால் உப்பு ஏறும்.

மாத்திரை சரியான அளவில் இருந்தால் நீங்கள் வாரம் இரண்டு நாள் நன்றாக வெந்த கிழங்கு சாப்பிடத் தடையில்லை. சமையலுக்கு என்ன உப்பு என்று மட்டும் பாருங்கள். புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்களிலிருந்து அப்படியே வரும் கல்லுப்பில் அயோடின் சேர்த்திருக்காது. பாக்கெட்டில் ‘அயோடின் கலந்தது’ என்று இருக்க வேண்டும். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காலைச் சாப்பாடு.

கிழங்கு வேகவைப்பதில் பலரும் நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய்த் தவறுகிறார்கள். மேலே பழுப்புத் தோல், அதன் கீழே தடித்த பட்டை, இரண்டையும் உரித்துவிட வேண்டும். நஞ்சு அந்தப் பட்டையில்தான் கூடுதல். நடுநரம்பை எடுத்துவிட்டு, இரண்டு விரல் அகலத்துக்கு மேல் போகாத துண்டுகளாக வெட்டி அரை மணி நேரம் தண்ணீரில் போட்டுக் கொட்டிவிடுங்கள். பிறகு அகன்ற பாத்திரத்தில், துண்டுகள் மூழ்கி நான்கு விரல் மேலே நிற்கும்படி பச்சைத் தண்ணீர் விட்டு, மூடாமல் கொதிக்க வையுங்கள். லினமாரின் தண்ணீரில் கரையும், சயனைடு ஆவியோடு போகும். குக்கரில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு வைத்தால் இரண்டுக்கும் வழியில்லை. வெந்ததும் தண்ணீரை ஒட்ட வடித்துவிட்டு அப்புறம் உப்பும் மஞ்சளும் சேர்க்கலாம். வடித்த தண்ணீரைக் குடிக்கக் கூடாது, மாட்டுக்கும் வைக்கக் கூடாது. பச்சைத் தோலும் இலையும் ஆட்டுக்கு எட்டாத இடத்தில் கிடக்கட்டும். ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துக் கசந்தால் அந்தக் கிழங்கு முழுவதையும் தூர எறியுங்கள், கூட ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். முறித்துப் பார்த்தால் உள்ளே நீலக்கோடோ கறுப்புக்கோடோ தெரிவது பறித்து இரண்டு மூன்று நாளான கிழங்கு. அதை வாங்க வேண்டாம்.

சேனை இப்படிக் கெடாது. வெட்டாத முழுச் சேனை காற்றோட்டமான மூலையில் மாதக்கணக்கில் கிடக்கும். மாசியில் நட்டுக் கார்த்திகை தொடங்கித் தோண்டுவதால், பொங்கலையொட்டி வடசேரிச் சந்தையில் சிறுகிழங்கோடு சேனையும் குவியும். அப்போது வாங்கி வைக்கலாம்.

தொண்டை அரிக்கக் காரணம் சேனைக்குள் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஊசிகள் தோலிலும் தொண்டையிலும் குத்துகின்றன. வெட்டுமுன் கையில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். சேனையும் கையும் உலர்ந்திருக்க வேண்டும், கழுவுவதெல்லாம் வெட்டிய பிறகு. தோலைச் சிக்கனம் பார்க்காமல் தடிமனாகச் சீவுங்கள். ஒரே அளவான சிறு துண்டுகளாக வெட்டுவது முக்கியம். பெரிய துண்டு வெளியே குழைந்து நடுவில் நறுக்கென்று நிற்கும், அந்த நடுப்பகுதிதான் தொண்டையைப் பிடிக்கும். மஞ்சள் சேர்த்து நிறையத் தண்ணீரில் வேகவிட்டு, விரலால் நசுக்கினால் மசியும் பதத்தில் வடித்துவிடுங்கள். கரையக்கூடிய ஆக்சலேட்டில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும்.

அரிக்கும் என்ற பயத்தில் எடுத்ததுமே புளியைக் கரைத்து ஊற்றிவிடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. புளி விழுந்த தண்ணீரில் துண்டு இறுகிக்கொள்ளும், எத்தனை நேரம் கொதித்தாலும் நடுப்பகுதி வேகாது. முதலில் வேகட்டும், வடித்த பிறகு புளியோ மோரோ சேருங்கள். எரிசேரி வைக்கும் நாளில் சாப்பாட்டோடு மோர் இருக்கட்டும். அதிலுள்ள கால்சியம், மீதி ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும்.

அரிப்பு குறைவான விதைச் சேனை நடவுக்கு வேண்டுமென்றால் கஜேந்திரா என்று கேட்டு வாங்குங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஸ்ரீ பத்மாவும் உண்டு.

அப்பாவுக்குச் சேனை 100 முதல் 150 கிராம், வாரம் இரண்டு மூன்று நாள், சோற்றின் அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு. சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் வந்தவர் சேனையைத் தவிர்ப்பது நல்லது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு அப்பாவுக்குக் கூடியிருந்தால் பொட்டாசியம் காரணமாக இரண்டு கிழங்குக்குமே மருத்துவரிடம் அளவு கேட்க வேண்டும். சர்க்கரை உள்ளவர் என்பதால், சமீபத்தில் பார்க்காவிட்டால் இந்த மாதமே அந்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.